டீசல் எஸ்டேட் கார் வாங்கலாம், ஆனால் அதைக் கிழமைநாளில் ஓட்ட வேண்டியவர் நீங்கள்

வாசகர் கேள்வி: நாங்கள் மில்டன் கீன்ஸில் வசிக்கிறோம். எங்களுக்குப் பதினொன்று, எட்டு, நான்கு வயதில் மூன்று பிள்ளைகள். நான் வாரத்தில் ஐந்து நாளும் கொவென்றிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். ஒரு வழித் தூரம் ஏறக்குறைய 45 மைல். 2012ஆம் ஆண்டுப் பெட்ரோல் டொயோட்டா யாரிஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது. மனைவி வீட்டிலிருந்து மூன்று மைல் தொலைவில் உள்ள மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறார். பிள்ளைகளின் பள்ளி ஒன்றரை மைல். மனைவிக்கும் பிள்ளைகளுக்குமாக ஒரு டீசல் எஸ்டேட் காரை (பின்புறம் நீண்டு, சாமான் வைக்க இடம் அதிகமுள்ள கார்) வாங்கிக் கொடுத்துவிட்டு, நான் யாரிஸிலேயே வேலைக்குப் போகலாம் என்று எண்ணுகிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஹரோவில் என் பெற்றோர் வீட்டில் ஓர் இரவு தங்கி, ஈலிங் அம்மன் கோயிலுக்கும் போய் வருவோம். மிருதங்கம், கிரிக்கெட் பைகள், சமைத்த சட்டிகள் என்று சாமான் எப்போதும் அதிகம். ஆண்டுக்கு ஒரு முறை ஜேர்மனியில் ஹம் காமாட்சி அம்மன் கோயில் தேருக்குப் போவதும் உண்டு. கையில் 12,000 பவுண் இருக்கிறது. ஒருவர் 2014ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் பசாட் எஸ்டேட் ஒன்றை 5,000 பவுணுக்குத் தருவதாகச் சொல்கிறார். டீசலின் காலம் முடிந்துவிட்டது என்று நண்பர்கள் எச்சரிக்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?

பதில்:

உங்கள் கடிதத்தில் உள்ள தூரக் கணக்குகளை எழுதி வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தேன். நீங்கள் தேர்ந்த காரில் பிழை இல்லை. அதை யார் கையில் கொடுக்க எண்ணியிருக்கிறீர்கள் என்பதில்தான் பிழை இருக்கிறது. டீசல் எஸ்டேட்டை உங்கள் துணைவியாருக்கு வாங்கிக் கொடுத்து, பெட்ரோல் யாரிஸில் நீங்கள் நாளுக்குத் தொண்ணூறு மைல் ஓடுவதானால், இரண்டு வண்டிகளுக்கும் அவற்றுக்கு ஒவ்வாத வேலையைக் கொடுத்தவராவீர்கள். கிழமைநாளில் டீசலை நீங்கள் எடுத்துச் செல்லுங்கள். யாரிஸ் வீட்டில் நிற்கட்டும். சனி, ஞாயிறில் ஐந்து பேரும் எஸ்டேட்டில் ஏறுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்கு உடன்பட்டால், டீசல் எஸ்டேட் உங்கள் குடும்பத்துக்கு மிகப் பொருத்தமான வண்டி என்று தயங்காமல் சொல்வேன். உடன்பட முடியாவிட்டால் டீசலே வேண்டாம் என்பதையும் அதே உறுதியோடு சொல்வேன்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு, என் கராஜுக்கு வந்த ஒரு வண்டியை உதாரணமாகக் காட்டுகிறேன். எந்த நிறுவனத்தின் வண்டி என்பது இங்கே முக்கியமில்லை. எல்லா நிறுவனங்களின் வண்டிகளிலும் இதைப் பார்த்திருக்கிறேன். நான்கு வயதான டீசல் எஸ்டேட், 31,000 மைல் மட்டுமே ஓடியது, உள்ளே பிள்ளைகள் சிந்திய பிஸ்கட் தூளைத் தவிர ஒரு குறையும் இல்லை. மஞ்சள் விளக்கு எரிகிறது என்று அந்தத் தாய் கொண்டுவந்தார். என்ஜின் எண்ணெய் அளக்கும் கம்பியை இழுத்துப் பார்த்தேன். எண்ணெய் மேல்கோட்டையும் தாண்டி ஒரு விரலளவு ஏறி நின்றது. எண்ணெய் குறைவது இயல்பு, ஏறுவது இயல்பில்லை. ஒரு துளியைக் கடதாசியில் ஒற்றி முகர்ந்தபோது டீசல் மணம் தெளிவாக வந்தது. அந்த அம்மா எண்ணெய் ஊற்றவே இல்லை. காரே தன் எண்ணெயில் டீசலைக் கலந்துகொண்டிருந்தது.

காரணம் டி.பி.எஃப். எனப்படும் புகைத்துகள் வடிகட்டி. இன்றைய டீசல் காரின் புகைக்குழாயில் இருக்கும் இந்த வடிகட்டி கரித்தூளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அது நிறைந்து வரும்போது என்ஜின் சிறிது டீசலைக் கூடுதலாகச் செலுத்தி, வடிகட்டியின் வெப்பத்தை ஏறக்குறைய 600 பாகை செல்சியசுக்கு உயர்த்தி, அந்தக் கரியை எரித்துவிடுகிறது. இதற்கு என்ஜின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். அதன் பின்னும் பத்து முதல் இருபது நிமிடம் தடையில்லாமல் ஓட வேண்டும். ஒன்றரை மைல் பள்ளிப் பயணத்தில் குளிர்காலக் காலையில் காருக்குள் வெப்பக்காற்று வரத் தொடங்கும்போதே பள்ளி வாசல் வந்துவிடும். எரிப்பு தொடங்கும், கார் நிறுத்தப்படும். மறுநாள் மீண்டும் தொடங்கும், மீண்டும் நிறுத்தப்படும். எரியாமல் போன டீசல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து எண்ணெயில் இறங்குகிறது. எண்ணெய் நீர்த்துப் போனால் முதலில் பாதிக்கப்படுவது என்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போ. வடிகட்டி அடைத்துக்கொண்டால் அதை மாற்றும் செலவு பெரும்பாலும் ஆயிரம் பவுணைத் தாண்டும். அந்தத் தாய் வண்டியை ஒழுங்காகச் சேர்விஸ் செய்தவர், மெதுவாக ஓட்டியவர். அவருக்கு வண்டியை விற்றவர் பயண தூரத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தச் செலவு வந்திருக்காது. உங்கள் துணைவியாரின் மூன்று மைல் மருத்துவமனைப் பயணமும் பள்ளிப் பயணமும் அச்சொட்டாக இதே வகையானவை.

அதே வடிகட்டி, எம்1, எம்45 மோட்டர்வேக்கள் வழியாக நீங்கள் கொவென்றிக்கு ஓடும் நாற்பத்தைந்து மைலில், உங்களுக்குத் தெரியாமலே தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கென நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. வேலையிடத்தில் காரை நிறுத்தும்போது என்ஜினின் ஓய்வுச் சுழற்சி வழக்கத்தைவிடச் சற்று அதிகமாக இருந்தாலோ, நிறுத்திய பிறகும் முன்விசிறி சுழன்றாலோ, சூடான உலோக மணம் வந்தாலோ, எரிப்பு நடுவில் நிற்கிறது என்று பொருள். அன்று மட்டும் நேரமிருந்தால் பத்து நிமிடம் கூடுதலாக ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

இனி யாரிஸில் மூன்று பிள்ளைகளை எப்படி ஏற்றுவது என்று உங்கள் துணைவியார் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். பிரித்தானியச் சட்டப்படி பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது நிறைவடைதல், 135 சென்ரிமீற்றர் உயரம் எட்டுதல் ஆகிய இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை பிள்ளை இருக்கை தேவை. உங்கள் மூத்த பிள்ளை 135ஐத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். கதவு நிலையில் நிறுத்தி ஒரு முறை அளந்துகொள்ளுங்கள். தாண்டியிருந்தால் முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி அவரை அங்கே இருத்தலாம். மற்ற இருவரின் இருக்கைகளும் யாரிஸின் பின்புறத்தில் தாராளமாக அமரும். ஒன்றரை மைல் பயணத்துக்கு இது போதும். மூன்று பேரையும் பின்னால் இருத்த வேண்டிய நெடும் பயணங்கள் எல்லாம் வார இறுதியில் எஸ்டேட்டில் நடக்கப்போகின்றன. அந்த எஸ்டேட்டிலும் பிள்ளை இருக்கையைக் காரோடு பூட்டும் ஐசோபிக்ஸ் கொக்கிகள் பெரும்பாலும் இரு ஓர இருக்கைகளில்தான் இருக்கும். ஆகவே நான்கு வயதுப் பிள்ளையும் எட்டு வயதுப் பிள்ளையும் ஓரத்திலும் மூத்தவர் நடுவிலும் வருவார்கள். அப்படி அமர்ந்த பின் நடுப்பட்டியின் பூட்டைப் பிள்ளையே கை விட்டு மாட்ட முடிகிறதா என்று வாங்குவதற்கு முன் பாருங்கள். வீட்டில் இருக்கும் இரண்டு பிள்ளை இருக்கைகளையும் வண்டி பார்க்கப் போகும்போது கையோடு கொண்டு போங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

2014 பசாட்டைப் பற்றி: அதை விட்டுவிடுங்கள். அந்த ஆண்டு டீசல்கள் பெரும்பாலும் லண்டன் கேட்கும் புகைத் தரத்தை எட்டாதவை. புகை அதிகமுள்ள வண்டிகளிடம் நாட்கட்டணம் வாங்கும் லண்டனின் யூலெஸ் வலயம் 2019 ஏப்ரல் 8ஆம் திகதி நகர மையத்தில் தொடங்கி, 2021 ஒக்ரோபரில் வட, தென் சுற்றுவீதிகள் வரை விரிந்து, 2023 ஓகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா மாநகரப் பிரிவுகளையும் உள்ளடக்கிவிட்டது. ஹரோவும் ஈலிங்கும் அதற்குள்தான். பெட்ரோல் கார் யூரோ 4 என்ற ஐரோப்பியப் புகைத் தரத்தில் இருந்தால் போதும். டீசல் கார் யூரோ 6 தரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண். நாள் என்பது நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. சனிக்கிழமை உள்ளே போய் ஞாயிறு வெளியே வந்தால் 25 பவுண். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று கணக்கிட்டால் ஆண்டுக்கு 650 பவுண். கட்ட மறந்தால் தண்டம் 180 பவுண், பதினான்கு நாளுக்குள் கட்டினால் பாதி. பேர்மிங்காம் நகர மையத்துக்குள் ஒரு கல்யாணத்துக்குப் போனாலும், அங்கே யூரோ 6 இல்லாத டீசல் காருக்கு நாளுக்கு 8 பவுண். 5,000 பவுணுக்கு மலிவாகத் தெரியும் அந்தக் கார் மூன்று ஆண்டில் உங்களிடம் இருந்து கிட்டத்தட்ட இரண்டாயிரம் பவுணைக் கோயிலுக்குப் போகும் வழியிலேயே வாங்கிவிடும்.

யூரோ 6 தரம் புதிதாகப் பதிவாகும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது 2015 செப்டெம்பரில்தான். அதற்கு முன்பே சில வண்டிகள் அந்தத் தரத்தை எட்டியிருந்தன. அதற்குப் பின்னரும் கையிருப்பில் இருந்த பழைய தரத்து வண்டிகள் சில பதிவாகியிருக்கின்றன. ஆதலால் ஆண்டைப் பார்த்து முடிவு செய்யாமல், வாகன இலக்கத்தை லண்டன் போக்குவரத்துத் துறையின் இணையத்தளத்தில் இட்டுப் பாருங்கள். கட்டணம் உண்டா இல்லையா என்று உடனே சொல்லிவிடும். உங்கள் 2012 பெட்ரோல் யாரிஸுக்குக் கட்டணம் வராது என்றே எதிர்பார்க்கலாம். யூரோ 6 டீசலுக்கு ஜேர்மனியிலும் சிக்கல் இல்லை. டோர்ட்மண்ட், கேள்ன் போன்ற நகர வலயங்களுக்குள் நுழைய வேண்டியிருந்தால் பச்சை வில்லை ஒன்றை முன்கூட்டியே வாங்கி முன்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். பிரித்தானிய வண்டிகளுக்கும் அது தேவை.

உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. பத்தாண்டுக்கு முன் பிரித்தானியாவில் விற்ற புதிய கார்களில் ஏறக்குறைய பாதி டீசல். இன்று புதிய டீசல் கார் வாங்குபவர் மிகச் சிலர். 2015 செப்டெம்பரில் வொக்ஸ்வாகன் நிறுவனத்தின் மென்பொருள் மோசடி அமெரிக்காவில் அம்பலமானதும், உலகெங்கும் ஏறத்தாழ 1.1 கோடி வண்டிகளில் அந்த மென்பொருள் இருந்தது தெரியவந்ததும் அந்த வீழ்ச்சிக்கு ஒரு பெரிய காரணம். 2030இல் புதிய பெட்ரோல், டீசல் கார்களின் விற்பனையை நிறுத்த அரசு திட்டமிட்டிருக்கிறது. ஆனால் அது புதிய கார்களின் விற்பனையைப் பற்றியது. ஏற்கெனவே வீதியில் ஓடும் காரை நீங்கள் தொடர்ந்து ஓட்டலாம், சேர்விஸ் செய்யலாம், விற்கலாம். நீங்கள் இன்று வாங்கும் வண்டியை ஐந்தாறு ஆண்டு வைத்து ஓட்டப்போகிறீர்கள் என்றால் இந்தப் பயம் உங்களுக்கு வேண்டியதில்லை. டீசல் மீதான மக்களின் தயக்கமே நல்ல பழைய டீசல் எஸ்டேட்டின் விலையை உங்கள் கைக்கு எட்டும்படி வைத்திருக்கிறது.

எரிபொருள் கணக்கை ஒளிக்காமல் சொல்கிறேன். விடுமுறைகளைக் கழித்தாலும் வேலைப் பயணம் மட்டும் ஆண்டுக்கு 20,000 மைல் வரும். இரண்டு லீட்டர் டீசல் எஸ்டேட் மோட்டர்வேயில் ஒரு கலனுக்கு 55 மைல் ஓடும். ஆண்டுக்கு ஏறக்குறைய 1,650 லீட்டர். அதே பருமனுள்ள பெட்ரோல் எஸ்டேட் 42 மைல் ஓடினால் 2,160 லீட்டர் தேவைப்படும். வித்தியாசம் ஐந்நூறு லீட்டருக்கு மேல். டீசல் லீட்டருக்குச் சில பென்ஸ் கூடுதலாக விற்றாலும் பெட்ரோல் எஸ்டேட் உங்களுக்குக் கட்டாது. பெட்ரோல் என்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் எஸ்டேட் வேறு கதை. டொயோட்டா கொரோலா ரூரிங் ஸ்போர்ட்ஸ் நகருக்குள் டீசலை எளிதில் வெல்லும். மோட்டர்வேயில் கலனுக்கு 50 மைல் என்று வைத்தால் 1,820 லீட்டர். பெட்ரோல் விலை குறைவாக இருக்கும் நாளில் செலவு டீசலுக்குச் சமமாகவே வந்துவிடும். ஆகவே எரிபொருளை மட்டும் வைத்து ஹைபிரிட்டை நான் ஒதுக்கமாட்டேன். 2019இல்தான் அந்தக் கொரோலா சந்தைக்கு வந்தது என்பதால் பழையதாகவும் விலை இறங்காமல் நிற்கிறது. உங்கள் 12,000 பவுணுக்கு அதிக மைல் ஓடியதொன்றோ, குறைந்த வசதியுள்ளதொன்றோதான் கிடைக்கும். அதே பணத்துக்கு நன்கு பராமரித்த டீசல் எஸ்டேட் ஒன்றை வாங்கி, வருங்கால சேர்விசுக்கும் டயருக்கும் ஆயிரத்தைந்நூறு பவுணைக் கையில் மிச்சம் வைக்கலாம். அந்த மிச்சம்தான் என் தராசில் டீசல் பக்கம் கனக்கிறது. உங்கள் வேலையிடம் நோர்தாம்ப்ரனுக்கோ அதைவிடக் கிட்டவோ மாறும் என்ற பேச்சு ஏதும் இருந்தால் மட்டும் கூடுதல் பணம் சேர்த்து ஹைபிரிட்டை எடுங்கள்.

எந்த வண்டி என்று கேட்டால், என் முதல் தெரிவு 2016 முதல் 2019 வரையிலான ஸ்கோடா ஒக்டாவியா எஸ்டேட், இரண்டு லீட்டர், 150 குதிரைவலு, கையால் மாற்றும் கியர். அதன் டிக்கி 610 லீட்டர். வாய் அகலம், விளிம்பு தாழ்வு. இடியப்பச் சட்டியை நெஞ்சளவு தூக்காமல் அப்படியே தள்ளி வைக்கலாம். உயரமான எஸ்.யூ.வி. வண்டிகளில் இந்த வசதி இல்லை, கூரையில் பெட்டி பூட்டவும் ஏணி தேவைப்படும். அதைவிட இடம் வேண்டுமென்றால் 2015க்குப் பின் வந்த ஸ்கோடா சுப்பர்ப் எஸ்டேட் 660 லீட்டர், அதே காலத்துப் பசாட் எஸ்டேட் 650 லீட்டர். உள்ளே மூன்று பிள்ளைகள் தோளோடு தோள் உரசாமல் இருக்க சுப்பர்ப்பே சிறந்தது. ஆனால் மில்டன் கீன்ஸ் புதுவீடுகளின் வாகனத் தரிப்பிடத்தில் அதன் நீளம் அடங்குமா என்று அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். 1.6 லீட்டர் டீசலும் கிடைக்கும். ஐந்து பேரும் சாமானும் கூரைப்பெட்டியுமாக ஜேர்மனிக்குப் போகும் வண்டிக்கு அது மூச்சு வாங்கும் என்பது என் கருத்து. சிறு வித்தியாசம் ஒன்று: 2017 ஏப்ரல் 1க்கு முன் பதிவான வண்டிக்கு வீதி வரி கரியமில வாயு அளவைப் பொறுத்தது, அதற்குப் பின் பதிவானவற்றுக்கு ஒரே தொகை, 2025-26இல் 195 பவுண். ஒரே மாதிரியான இரண்டு ஒக்டாவியாக்களில் 2017 பெப்ரவரியில் பதிவானது மே மாதத்ததை விட வரியில் மலிவாக இருப்பது அதனால்தான்.

பெற்றோர் உங்களோடு வந்து தங்கும் எண்ணம் இருந்தால் நான் மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்காதீர்கள். ஐந்து இருக்கை எஸ்டேட்டில் ஏழு பேர் ஏற முடியாது. அப்போது தேட வேண்டியது ஏழு இருக்கை வண்டி.

வண்டி பார்க்கப் போகும் நாளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மொடலைவிட அந்தத் தனி வண்டி வாழ்ந்த வாழ்க்கைதான் பெரிது. வீட்டிலிருந்தே அரசாங்கத்தின் இலவச எம்.ஓ.டி. (ஆண்டுதோறும் நடக்கும் வாகனத் தகுதிச் சோதனை) வரலாற்றைப் பாருங்கள், வாகன இலக்கம் மட்டும் போதும். ஒவ்வோர் ஆண்டும் எத்தனை மைல் என்று கழித்துப் பாருங்கள். ஐந்து ஆண்டில் 80,000 மைல் ஓடிய டீசலைக் கண்டு பலர் பயந்து ஒதுங்கி, அதே வயதில் 28,000 மைல் ஓடியதைக் கூடுதல் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். நான் முன்னதையே வாங்குவேன். ஆண்டுக்குப் பதினாறாயிரம் மைல் ஓடிய வண்டி மோட்டர்வேயில் சூடாக ஓடியது; ஆண்டுக்கு ஐயாயிரம் ஓடியது பள்ளிக்கும் கடைக்கும் குளிரோடு ஓடியது. முன் எம்.ஓ.டி.களில் புகை பற்றிய குறிப்பு ஏதும் இருந்தால் அந்த வண்டியைப் பார்க்கவே போக வேண்டாம்.

விற்பவரிடம் தொலைபேசியில், நான் வரும் வரை என்ஜினை இயக்க வேண்டாம் என்று கேளுங்கள். போனதும் முதலில் பொனற்றின் மேல் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், குளிர்ந்த நிலையில் காட்ட விரும்பாத ஏதோ ஒன்று இருக்கலாம். வேறொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லுங்கள். குளிர்ந்த என்ஜின் உடனே பற்ற வேண்டும், ஓய்வுச் சுழற்சியில் ஆடக்கூடாது. கிளச்சை மிதித்தும் விட்டும் பாருங்கள். அடியிலிருந்து கலகலவென்று சத்தம் மாறினால் என்ஜினுக்கும் கிளச்சுக்கும் இடையிலுள்ள இரட்டைத் திணிவுச் சுழல்சக்கரம் தேய்ந்திருக்கலாம், அதை மாற்றுவது சிறு செலவில்லை. இயக்குவதற்கு முன்பே வெள்ளைக் கைத்துண்டு ஒன்றைப் புகைக்குழாயின் உட்புறத்தில் தேய்த்துப் பாருங்கள். வடிகட்டி ஒழுங்காக வேலை செய்யும் டீசலில் அந்தத் துண்டு கிட்டத்தட்ட வெள்ளையாகவே வரும். தார் பூசியது போல் கருத்து வந்தால் வடிகட்டியில் வெடிப்பு விழுந்திருக்கிறது, அல்லது யாரோ அதை உள்ளிருந்து அகற்றியிருக்கிறார்கள். வடிகட்டி அகற்றிய காரை வீதியில் ஓட்டுவது குற்றம், ஆயிரம் பவுண் வரை தண்டம், எம்.ஓ.டி.யிலும் தேறாது. அந்த வண்டியின் மற்றச் சிறப்பு எதையும் கேட்காமல் திரும்பி வாருங்கள்.

சேர்விஸ் புத்தகத்தில் முத்திரை இருந்தால் போதாது, பற்றுச்சீட்டுகளைக் கேளுங்கள். என்ன எண்ணெய் ஊற்றினார்கள் என்று அதில் எழுதியிருக்கும். வடிகட்டியில் சேரும் கரி எரிந்துவிடும். எண்ணெயிலிருந்து வரும் சாம்பல் எரியாது, வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்கிச் சேரும். ஆகையால் குறைந்த சாம்பல் எண்ணெயே, உற்பத்தியாளர் குறித்த தரத்திலேயே ஊற்றியிருக்க வேண்டும். வொக்ஸ்வாகன் குழும டீசலுக்கு அது 507.00 என்ற இலக்கம். நீண்ட இடைவெளிச் சேர்விஸ் முறையில் ஏறக்குறைய இருபதாயிரம் மைலுக்கு ஒரு முறை மாற்றலாம் என்று அனுமதி இருந்தாலும், உங்கள் வண்டிக்குப் பத்தாயிரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள் என்பதே என் வேண்டுகோள். உங்கள் ஓட்டத்தில் அது ஆண்டுக்கு இரண்டு முறை வரும். டைமிங் பெல்ட்டும் நீர்ப்பம்பும் எப்போது மாற்றப்பட்டன என்று கேளுங்கள். சீட்டு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொண்டு, அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். தானியங்கிக் கியர் விரும்பினால், டி.எஸ்.ஜி. எனப்படும் வொக்ஸ்வாகன் குழுமத் தானியங்கிக் கியர்ப்பெட்டியில் ஆறு வேக வகையின் எண்ணெய் 40,000 மைலுக்கு ஒரு முறை மாற்றப்பட வேண்டும்; மாற்றியதற்குச் சீட்டு இல்லாத பெட்டியை நான் வாங்கமாட்டேன்.

அட்புளூ பற்றி ஒரு சொல். சுப்பர்ப்பிலும் பசாட்டிலும் எரிபொருள் மூடிக்கு அருகே நீல மூடி ஒன்று இருக்கும். ஒக்டாவியாவில் சில ஆண்டுகளுக்குரியவற்றில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. 32.5 விழுக்காடு யூரியாவும் மீதம் தூய நீரும் கொண்ட இந்தத் திரவம் நைதரசன் ஒட்சைட்டைக் குறைக்கிறது. தீர்ந்துவிட்டால், நிறுத்திய காரை மீண்டும் இயக்க முடியாது. ஆனால் ஆயிரம் மைலுக்கும் முன்னரே கார் எச்சரிக்கத் தொடங்கும். அதைத் தவறுதலாகவேனும் டீசல் தாங்கியில் ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பவே வேண்டாம். அப்படியே விட்டுவிட்டு உதவிக்கு அழையுங்கள். ஹம் பயணத்துக்கு முன் நிரப்பிக்கொள்ளுங்கள், அந்த நெடுஞ்சாலைகளில் அதை விலை கூட்டி விற்பார்கள்.

ஹம் போகும்போது இன்னொன்று. டிக்கியில் கூரைவரை சாமான் அடுக்கினால் தடை பிடிக்கும் வேளையில் மிருதங்கம் பிள்ளைகளின் தலைக்குப் பறந்து வரும். வலைத்திரை ஒன்றை வண்டியோடு கேட்டு வாங்குங்கள்; இல்லையென்றால் தனியாக வாங்குங்கள். பாரமானவை இருக்கையின் முதுகோடு ஒட்டித் தரையிலும், இலேசானவை மேலும் இருக்கட்டும். முழுப் பாரத்துக்கான டயர் அழுத்தம் ஓட்டுநர் கதவின் ஓரத்திலோ எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ எழுதியிருக்கும். புறப்படும் நாள் காலையில் அந்த அளவுக்கு ஏற்றி, திரும்பி வந்ததும் கிழமைநாள் அளவுக்கு இறக்கிவிடுங்கள்.

இரண்டோ மூன்றோ வண்டிகளைத் தெரிந்தெடுத்ததும் அவற்றின் இலக்கங்களை எனக்கு அனுப்புங்கள். எம்.ஓ.டி. வரலாற்றையும் யூலெஸ் நிலையையும் நானும் ஒரு முறை பார்த்துச் சொல்கிறேன். அதற்கு முன் யாருக்கும் முற்பணம் கொடுக்க வேண்டாம்.